கியூட் ஆங்கிலத் தாள்: 50 கேள்வி, 60 நிமிடம்

பிளஸ் டூ ஆங்கிலத்தில் 95 மதிப்பெண் எடுத்தவரும் கியூட் (CUET) என்ற பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் தடுமாறலாம். பள்ளித் தேர்வு, நடத்திய பாடத்திலிருந்து கேட்கிறது. அதற்குக் கட்டுரையை மனப்பாடம் செய்யலாம், செய்யுள் வரிகளுக்கு விளக்கத்தை உருப்போடலாம். கியூட் ஆங்கிலத்துக்குப் பாடநூலே கிடையாது. அதில் ஒரு வரிகூட எழுத வேண்டியதும் இல்லை. முன்பின் பார்க்காத பத்தியைத் திரையில் படித்து, நான்கு விடைகளில் மூன்று ஏன் தவறு என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தயாரிப்பும் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் தேர்வின் அமைப்பு. தேசியத் தேர்வு முகமை, அதாவது என்டிஏ, மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்காக 2022 முதல் இதை நடத்துகிறது. டெல்லிப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் இதன் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. ஆங்கில மொழித்தாளின் குறியீட்டு எண் 101. 2025இல் வந்த முறைப்படி தாளில் 50 கேள்விகள், அத்தனைக்கும் விடையளிக்க வேண்டும். நேரம் 60 நிமிடம், மொத்தம் 250 மதிப்பெண், முழுக்கக் கணினியில்தான் தேர்வு. 2022, 2023இல் 50இல் 40 எழுதினால் போதும், 45 நிமிடம் என்று இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கும் வழிகாட்டிகளில் இன்னும் அந்தக் கணக்குதான் இருக்கும். விதி அடிக்கடி மாறுவதால், விண்ணப்பம் திறந்த அன்றே அந்த ஆண்டின் தகவல் கையேட்டை என்டிஏ தளத்திலிருந்து இறக்கி, தேர்வு முறை, மதிப்பெண் முறை இரண்டையும் படித்துவிடுங்கள்.

2025இல் ஒருவர் அதிகபட்சம் 5 தாள்கள் எடுக்க முடிந்தது. அதில் ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாமா என்பதை நீங்கள் சேர விரும்பும் படிப்பு முடிவு செய்யட்டும். டெல்லிப் பல்கலையின் பல படிப்புகளில் மொழித்தாளின் மதிப்பெண் தரவரிசையில் சேர்கிறது. வேறு இடங்களில் கியூட்டின் ‘ஜெனரல் டெஸ்ட்’ தாளைக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலைப் பார்க்காமல் தாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜூலையில் உட்கார்ந்து புலம்பிப் பயனில்லை.

நெகட்டிவ் மார்க் கணக்கு

சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். நெகட்டிவ் மார்க் என்றதுமே பயந்து பத்துப் பன்னிரண்டு கேள்விகளை வெற்றாக விட்டுவருகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பும். ஐந்தில் மூன்று போக 2 மதிப்பெண் மிச்சம். ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து மூன்றுக்குள் ஊகித்தால் மூன்று கேள்விக்கு 3 மிச்சம். இரண்டைத் தள்ளிவிட்டு இரண்டுக்குள் ஊகித்தால் இரண்டு கேள்விக்கே 4. அதாவது இந்த மதிப்பெண் முறை இருக்கும்வரை, வெற்றாக விடுவதுதான் நட்டம். கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வியும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவருடைய ஒரு தாளில் சராசரி ஏறுமாறாகலாம், ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

பாசேஜ்: விடை பத்திக்குள்தான் இருக்கிறது

பாடத்திட்டம் மூன்று வகைப் பத்திகளைச் சொல்கிறது: தகவல் தருவது, கதை சொல்வது, இலக்கியம் சார்ந்தது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 300 முதல் 350 சொற்கள். நிதானமாகப் படித்தாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பத்திக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து எட்டு, ஒன்பது நிமிடம் தரலாம்.

தகவல் பத்தியென்றால் முதலில் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டம் விடுங்கள், விடைகளைப் பார்க்க வேண்டாம். விடைகளைப் பார்த்தால் அவற்றில் மூன்று தவறான கருத்துகள் பத்தியைப் படிக்குமுன்பே மனதில் ஏறிவிடும். பிறகு பத்தியை ஒரே மூச்சில் படியுங்கள். ஒவ்வொரு சிறு பத்தியிலும் எதைப் பற்றிப் பேச்சு என்று இரண்டு சொல்லில் ரஃப் தாளில் குறித்துக்கொண்டால், கேள்வி வரும்போது எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று தெரியும். திரும்பிப் போவது கட்டாயம். நினைவை நம்பி விடை சொல்கிறவர்கள்தான் இந்தப் பகுதியில் அதிகம் இழக்கிறார்கள்.

தவறான விடைகளைச் செய்வதற்கு என்று சில வழக்கங்கள் உண்டு. உலக நடப்பில் உண்மைதான், ஆனால் பத்தியில் அது சொல்லப்படவில்லை என்பது ஒன்று. நன்றாகப் பொது அறிவு உள்ளவர்கள் விழும் குழி இது. பத்தியின் சொற்களையே அப்படியே எடுத்துக் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுவது இன்னொன்று. முதல் பாதி சரி, பின்பாதி தப்பு என்று வருவதும் உண்டு. அவசரத்தில் முதல் பாதியோடு நிறுத்திவிடுவோம். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ போன்ற சொற்கள் உள்ள விடையைக் கண்டால், பத்தி அவ்வளவு தூரம் போகிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். பெரும்பாலும் போயிருக்காது. கேள்வியிலேயே ‘நாட்’ என்ற சொல் இருந்தால் அதை ரஃப் தாளில் எழுதி வட்டமிட்டுக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் ஐந்து மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

பத்திக்குத் தலைப்புக் கேட்டால், முழுப் பத்தியையும் மூடுகிற தலைப்பைத் தேடுங்கள். ஒரு மூலையை மட்டும் மூடுவது சிறியது, பத்தியைவிட அகலமானது பெரியது, இரண்டும் தவறு. ஆசிரியரின் தொனி என்ன என்று கேட்டால், பிரச்சினை பெரும்பாலும் விடைச் சொற்களின் பொருள் தெரியாததுதான். ‘ஸ்கெப்டிகல்’ (ஐயத்தோடு), ‘சினிகல்’ (யாரையும் நம்பாத கசப்போடு), ‘நாஸ்டால்ஜிக்’ (பழைய நினைவின் ஏக்கத்தோடு), ‘சட்டைரிகல்’ (அங்கதமாக), ‘டைடாக்டிக்’ (போதிக்கும் குரலில்), ‘ஆப்ஜெக்டிவ்’ (சார்பில்லாமல்) என்று இருபது சொற்களைத் தனியே எழுதி வையுங்கள். இருபது போதும்.

கவிதை வந்தால் முறையை மாற்றுங்கள். கேள்வியைப் பார்க்காமல் கவிதையை இரண்டு தடவை படித்து, யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று வெறும் உரைநடையாகத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். அணிகளைக் கண்டு மிரள வேண்டாம், தமிழ் வகுப்பில் படித்தவைதான். ‘லைக்’, ‘ஆஸ்’ என்று நம் ‘போல’ வந்தால் ‘சிமிலி’, அதாவது உவமை. ‘போல’ இல்லாமல் அதுவே இதுவென்றால் ‘மெட்டஃபர்’, அதாவது உருவகம். அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கினால் ‘அலிட்டரேஷன்’, நம் மோனை.

தமிழ் இழுக்கும் இடங்கள்

சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்காகத் தடித்த இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். தமிழ் பேசுகிறவர் ஆங்கிலத்தில் தவறு செய்யும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. அங்கிருந்து தொடங்குவது குறுக்குவழி, நேர்மையான குறுக்குவழி.

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று வருகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம், ‘அபௌட்’ கூடாது. ‘பஸ்ஸிலிருந்து இறங்கினான்’ என்பது ‘காட் டவுன் ஃப்ரம்’ ஆகிறது. வேண்டியது ‘காட் ஆஃப்’. ‘திரும்ப வந்தான்’ என்ற பழக்கத்தில் ‘ரிட்டர்ன்ட் பேக்’ என்கிறோம், அங்கே ‘பேக்’ வெட்டி. ‘கோப் அப் வித்’ இல்லை, ‘கோப் வித்’. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுபீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘ப்ரிஃபர்’ இவற்றுக்குப் பின்னால் ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும்.

‘மழை பெய்தாலும், ஆனால் போனோம்’ என்று யாரும் எழுதமாட்டோம். இருந்தும் ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’வில் தொடங்கி நடுவில் ‘பட்’ போடுவோம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம். ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது, அந்தப் பகுதியில் மறுபடி ‘நாட்’ போட்டால் பொருள் தலைகீழாகும். ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் பின்னால் ‘தேன்’. ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ என்று தொடங்கினால் ‘வென்’. இந்த ஜோடிகளை மாற்றிப் போட்டுக் கேட்பது தேர்வுகளின் பழைய பழக்கம்.

காலத்தில் ஒரே ஒரு இடம் முக்கியம். ‘பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். அதனால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று கை போகும். ஆங்கிலத்தில் முன்பே தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஹேவ் பீன் லிவிங்’ வேண்டும். கூடவே, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’ (2019இலிருந்து), கால அளவுக்கு ‘ஃபார்’ (பத்து வருடமாக).

‘ஒன் ஆஃப் த’ என்றால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் த பாய்ஸ் இஸ்’. ‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் ஒருமை வினையே. ‘நைதர்... நார்’ வந்தால் வினை அருகிலிருக்கும் பெயரோடு போகும். ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘லக்கேஜ்’ இவற்றுக்கு ஆங்கிலத்தில் பன்மை இல்லை. வாக்கியத்துக்குள் கேள்வி அடங்கினால் வினை பின்னால் போகும்: ‘டெல் மீ வேர் த பேங்க் இஸ்’.

‘எ’யா ‘ஆன்’ஆ என்ற குழப்பத்துக்குத் தமிழ் எழுத்தே மருந்து. அடுத்து வரும் சொல்லை உச்சரிப்பது போலத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’. ‘அவர்’ (மணி), ‘ஆனஸ்ட்’, ‘எம்.எல்.ஏ.’, ‘எக்ஸ்-ரே’ எல்லாம் ‘ஆன்’. ‘யுனிவர்சிட்டி’, ‘யுரோப்பியன்’, ‘யூஸ்ஃபுல்’ எல்லாம் ‘ய’வில் தொடங்குவதால் ‘எ’. ஒன்றைக் குறிக்கும் ‘ஒன்’ மட்டும் ஏமாற்றும். எழுதுவது ‘ஒன்’ என்றாலும் வாய் சொல்வது ‘வன்’, ஆகவே ‘எ’. ‘த’ எங்கே வரும் என்பதற்கு இப்படி ஒரே வரியில் மருந்தில்லை. தமிழில் ‘அந்த’ என்று சுட்டத் தோன்றும் இடத்தில் பெரும்பாலும் வரும் என்பது நல்ல தொடக்கம்.

சொல்வளம்

மூவாயிரம் சொல் கொண்ட பட்டியலை அகரவரிசையில் உருப்போடுவது வீண். ‘ஏ’ எழுத்திலேயே மே மாதம் வந்துவிடும். ஒரு நாளைக்கு 10 சொல், வாரத்தில் 6 நாள், ஏழாம் நாள் அந்த 60ஐயும் திரும்பப் பார்ப்பது என்று எட்டு வாரம் போனால் 480 சொற்கள் கைவசம் இருக்கும். நோட்டில் சொல், தமிழ்ப் பொருள், ஒத்த சொல் ஒன்று, எதிர்ச்சொல் ஒன்று, நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். வாக்கியம் இல்லாத சொல் மூன்றாம் நாள் மறந்துபோகும். எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று நான்கு முறை பார்த்தால் தங்கும்.

வேர்களைப் பிடித்தால் சொற்கள் குடும்பமாக வரும். ‘மால்’ கெட்டதைக் குறிக்கும்: ‘மேலிஸ்’, ‘மலெவலன்ட்’. ‘பெனி’ நல்லது: ‘பெனிஃபிட்’, ‘பெனவலன்ட்’. ‘க்ரெட்’ நம்பிக்கை: ‘க்ரெடிபிள்’ நம்பத்தக்கது, ‘க்ரெடுலஸ்’ எதையும் நம்பிவிடுகிறவர். ஆனால் முன்னொட்டைக் கண்மூடி நம்பாதீர்கள். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் பிடிப்பது. எதிர்ச்சொல் கேட்கும் கேள்வியில் ஒத்த சொல் ஒன்றும் விடைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பொருள் தெரிந்தவர்தான் அவசரத்தில் அந்த ஒத்த சொல்லையே சட்டென்று குறித்துத் தவறுவார்.

ஒரே ஒலியுள்ள ஜோடிகளை எழுத்தால் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பிரின்சிபல்’ பி-ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர், பி-எல்-இ என்று முடிந்தால் கொள்கை. ‘ஸ்டேஷனரி’ ஏ-ஆர்-ஒய் என்றால் அசையாமல் நிற்பது, இ-ஆர்-ஒய் என்றால் பேனா பென்சில். மரபுத்தொடர்களிலும், ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்பதிலும் நூறு நூறு படித்தால் போதுமானது.

வரிசை மாற்றிய வாக்கியங்கள்

கலைத்துப் போட்ட நான்கு வாக்கியங்களை அடுக்கும் கேள்வியில் முழு வரிசையையும் மனதில் கட்ட முயன்றால் நேரம் கரையும். பிரிக்க முடியாத ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து, அந்த ஜோடி இல்லாத விடைகளை அடித்துவிடுங்கள். தமிழில் ஒரு மாதிரி பார்ப்போம்.

பி: அதைப் பிரிக்காமலே அவர் அலமாரியில் வைத்துவிட்டார்.
க்யூ: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு ஒரு நாள் கடிதம் வந்தது.
ஆர்: காரணம், உறையின் மேலிருந்த கையெழுத்து அவருக்குத் தெரிந்ததுதான்.
எஸ்: மூன்று மாதம் கழித்து அந்த அலமாரியைத் துடைக்கும்போது அது மறுபடி கண்ணில் பட்டது.

‘அது’, ‘அவர்’, ‘அந்த’ என்று எதையும் சாராமல் நிற்பது க்யூ மட்டுமே, அதுதான் முதல். ‘அந்த அலமாரி’ வர வேண்டுமானால் பி முன்னால் வந்திருக்க வேண்டும். ‘காரணம்’ என்பது பிரிக்காமல் வைத்ததற்கு, ஆகவே பி-யை ஒட்டி ஆர். விடை க்யூ, பி, ஆர், எஸ். ஆங்கிலத்திலும் இதே துப்புதான்: ‘எ’ வந்த பெயர் முன்னே, ‘த’ வந்த பெயர் பின்னே, முழுப்பெயர் முன்னே, ‘ஹீ’, ‘ஷி’, ‘தே’ பின்னே. ஒரே வாக்கியத்தின் துண்டுகளைக் கலைத்துக் கொடுத்தால் எழுவாயையும் முற்றுவினையையும் முதலில் பிடியுங்கள். இரண்டு பட்டியல்களைப் பொருத்தும் கேள்விக்கும் இதே தந்திரம், நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருத்தமே இரண்டு விடைகளைத் தள்ளிவிடும்.

எட்டு வாரத் திட்டம்

மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. கியூட் மே மாத வாக்கில் வருகிறது. இடையில் எட்டு வாரம் கிடைத்தால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலத்துக்குப் போதும். 20 நிமிடம் ஆங்கில நாளிதழின் தலையங்கமோ கருத்துக் கட்டுரையோ, 15 நிமிடம் சொற்கள், 25 நிமிடம் கேள்விப் பயிற்சி. முதல் மூன்று வாரம் நேரம் பார்க்காமல் செய்யுங்கள். நான்காம் வாரத்திலிருந்து கடிகாரத்தை வையுங்கள். கடைசி மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தாள், தேர்வு எழுதும் அதே நேரத்தில்.

எழுதிய தாளைத் திருத்துவதற்கு எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் ஆக வேண்டும். தவறு நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தை எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, விதி தெரியவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், நேரமில்லை. நான்கில் எது அதிகம் என்று பத்து நாளில் தெரிந்துவிடும். கேள்வியைத் தப்பாகப் படிக்கிறவர் மேலும் ஒரு சொற்பட்டியல் வாங்கினால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

தேர்வறையில்

பயிற்சியைக் கைபேசியிலேயே முடித்துவிட்டுப் போகாதீர்கள். பெரிய திரையில் மவுஸால் பத்தியை நகர்த்திப் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் பத்து நிமிடம் அதிலேயே போகும். பள்ளிக் கணினி அறையிலோ பிரவுசிங் சென்டரிலோ, என்டிஏ தளத்தின் இலவச மாதிரித் தேர்வை நான்கைந்து முறையாவது எழுதிப் பாருங்கள்.

திரையில் ஒரு பொறி இருக்கிறது. விடையைக் குறித்துவிட்டு ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தாமல், வலப்பக்கமுள்ள எண்ணை அழுத்தி வேறு கேள்விக்குத் தாவினால், குறித்த விடை பதிவாகாது. பச்சை என்றால் விடை பதிவாகிவிட்டது, சிவப்பு என்றால் பார்த்தும் விடையளிக்கவில்லை, ஊதா என்றால் மறுபார்வைக்கு வைத்தது. வெறும் ஊதாவில் விடை இல்லை. ஊதாவோடு பச்சைக் குறி இருந்தால் விடை இருக்கிறது, அது திருத்தலுக்கும் எடுத்துக்கொள்ளப்படும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். சொல், இலக்கணம், வரிசைக் கேள்விகள் 35 இருந்தால் ஒன்றுக்கு 40 விநாடி, மொத்தம் 23 நிமிடம். மூன்று பத்திக்கு 27 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் ஊதாக் கேள்விகளுக்கும் காலியானவற்றை நிரப்பவும். பத்திகளை முதலில் எடுக்கிறவர்கள் ஒரு கவிதையில் மாட்டிக்கொண்டு பின்னால் எளிய சொற்கேள்விகளைத் தவறவிடும் அபாயம் உண்டு. சொற்கேள்விகளை முதலில் முடிப்பது நல்லது.

தேர்வு பல ஷிஃப்டுகளாக நடந்தால் மதிப்பெண்ணைச் சமப்படுத்தித்தான் வெளியிடுவார்கள், ஆகவே எடுத்த மதிப்பெண்ணும் இறுதி மதிப்பெண்ணும் வேறுபடும். அதற்குமுன் தற்காலிக விடைக்குறிப்பும் நீங்கள் பதிவுசெய்த விடைகளும் தளத்தில் வரும். இரண்டையும் இறக்கி ஒப்பிடுங்கள். குறிப்பில் தவறு இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அந்தப் பணம் திரும்ப வராது. ஆட்சேபணைக்குத் தருவது சில நாள்தான், அகராதிச் சான்றையோ இலக்கண நூலின் பக்கத்தையோ முன்பே படமெடுத்து வைத்திருங்கள்.